பாத ரிஃப்ளெக்ஸாலஜி: பாதுகாப்பாகக் கற்று, பாதுகாப்பாகச் செய்ய முழு வழிகாட்டி

பாதத்தின் ஒவ்வோர் இடமும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்று கருதி, அந்த இடங்களை விரலால் அழுத்தும் முறைதான் ரிஃப்ளெக்ஸாலஜி. அதைக் கற்க வருபவர்கள் முதலில் கேட்பது அந்த இடங்களின் வரைபடத்தைத்தான். கல்லீரல் எங்கே, சிறுநீரகம் எங்கே என்று ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். கட்டைவிரல் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். எந்தக் காலைத் தொடக்கூடாது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிவதற்கு அதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். படம் சுவரில் மாட்டியிருந்தால் போதும்; மற்ற இரண்டும் உங்களிடம் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த இரண்டுக்குத்தான் அதிக இடம் தருகிறது.

இது என்ன செய்யும், என்ன செய்யாது

அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு, உடலைத் தலையிலிருந்து கால்வரை 10 நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டையில் எங்கே அழுத்தினாலும் அதே பட்டையின் இன்னொரு பகுதியில் விளைவு தெரியும் என்றார். 1917-ல் அது புத்தகமாக வந்தது. 1930-களில் அமெரிக்க பிசியோதெரபிஸ்ட் யூனிஸ் இங்காம் அந்தக் கருத்தைப் பாதத்தோடு நிறுத்தி, உறுப்புக்கு ஓர் இடம் என்று வரைந்தார். இன்று சுவர்களில் தொங்கும் படங்களில் பெரும்பாலானவை அவர் போட்ட கோட்டிலிருந்து வந்தவை. பயிற்சிப் பள்ளிக்குப் பள்ளி அவற்றில் வித்தியாசம் உண்டு என்பதையும் கவனியுங்கள்.

பாதத்தில் ஓரிடத்தை அழுத்தினால் குறிப்பிட்ட உறுப்பு சரியாகும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்த பேராசிரியர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 2009-ல் 18 மருத்துவச் சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து இதே முடிவைத்தான் சொன்னார். உடல் தளர்வு, மன இறுக்கம் குறைதல், கால் அசதி நீங்குதல், அன்றிரவு நல்ல தூக்கம் ஆகியவற்றைப் பலர் அனுபவித்துச் சொல்கிறார்கள். நீங்கள் கொடுப்பது அதுதான். சுகரைக் குறைக்கும், கல்லைக் கரைக்கும், நச்சை வெளியேற்றும் என்று விளம்பரப் பலகையில் எழுதுகிறவர்கள் தொழிலையும் கெடுக்கிறார்கள், நம்பி வருபவரின் மருந்தையும் நிறுத்த வைக்கிறார்கள். “மாத்திரையை விட்டுடலாமா?” என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: “அதை உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும்.”

கை வைக்கும் முன்

முதல் முறை வருபவரிடம் குறைந்தது ஐந்து நிமிடம் பேசுங்கள். எழுதிக்கொள்ள வேண்டியவை: வயது, இப்போது சாப்பிடும் மருந்துகள், சர்க்கரை நோய் எத்தனை வருடமாக, ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கடந்த ஆறு மாதத்தில் அறுவை சிகிச்சை அல்லது எலும்பு முறிவு, கர்ப்பம், புற்றுநோய்ச் சிகிச்சை. “ஏதாவது வியாதி இருக்கா?” என்று பொதுவாகக் கேட்டால் “ஒண்ணுமில்லை” என்றுதான் பதில் வரும். “சுகர் மாத்திரை போடுறீங்களாம்மா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது கொடுத்திருக்காங்களா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பிறகு இரண்டு காலையும் முழங்கால்வரை வெளிச்சத்தில் பாருங்கள். பேன்ட், புடவை மூடியிருக்கும் கெண்டைக்காலைப் பார்க்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் உள்ளே ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட பயணம், படுத்த படுக்கை, அறுவை சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பிறகு இதற்கான வாய்ப்பு கூடும். அந்தக் காலை அமுக்கினால் ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். தொடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள், இலங்கையில் 1990.

இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்: காய்ச்சல், சிவந்து சூடாகப் பரவும் தோல் தொற்று, ஆறாத புண், கறுத்த விரல், புதிய சுளுக்கு அல்லது முறிவு, திடீரென்று வீங்கித் துடிக்கும் கால் கட்டைவிரல் மூட்டு (யூரிக் அமிலம் கூடியதால் வருவதாக இருக்கலாம்). யானைக்கால் வீக்கம் உள்ள காலில் தோல் மடிப்புகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், அழுத்தம் கொடுக்கக்கூடாது.

மருத்துவர் சம்மதத்துக்குப் பிறகே, அதுவும் மென்மையாக மட்டும் செய்ய வேண்டியவர்கள்: ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், எலும்புத் தேய்மானம் அதிகமுள்ள முதியவர்கள், வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள், கர்ப்பிணிகள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் செய்வதில்லை என்பது பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகளின் வழக்கம். அந்தச் சமயத்தில் இயல்பாக எது நடந்தாலும் பழி உங்கள் கைமேல்தான் விழும், அந்தப் பெண்ணுக்கும் அந்தச் சந்தேகம் காலமெல்லாம் இருக்கும். அந்த ஒரு காரணமே போதும்.

சேற்றுப்புண், மரு, கால் ஆணி, பித்தவெடிப்பு இருந்தால் அந்த இடத்தை விட்டு மற்ற இடத்தில் செய்யலாம். சேற்றுப்புண் விரலிடுக்குகளில் பரவியிருந்தால் அந்தக் காலையே விட்டுவிட்டு, உள்ளங்கையில் செய்யுங்கள்; கையிலும் இதே வரைபடம் உண்டு. வெரிகோஸ் சிரை புடைத்திருக்கும் இடத்தின் மேல் விரல் போகக்கூடாது.

சர்க்கரை நோயாளியின் பாதம்

நம் ஊரில் உங்கள் முன் நீளும் கால்களில் நிறைய சுகர் உள்ளவர்களின் கால்களாகத்தான் இருக்கும். இங்கே ஆபத்து வேறு விதமானது. நரம்பு மரத்துப்போன காலில் “வலிச்சா சொல்லுங்க” என்பது வேலைக்கு ஆகாது. வலி அவருக்குத் தெரியாது. நீங்கள் நகத்தால் கீறினாலும் இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் பார்ப்பார்.

தொடங்கும் முன் ஒரு எளிய சோதனை செய்யுங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது. அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு நொடி மட்டும் மெதுவாகத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தவுடன் அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அவரை மருத்துவரிடம் பாதப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அவர் காலில் வெந்நீர் வேண்டாம், குச்சி வேண்டாம், ஆழமான அழுத்தம் வேண்டாம். உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுத்து, சிகிச்சையை வேண்டுமானால் கையில் செய்யுங்கள்.

இடமும் பொருளும்

சாய்வு நாற்காலி சிறந்தது. இல்லையென்றால் கட்டிலில் படுக்க வைத்து முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை கொடுங்கள். முழங்கால் நீட்டி விறைத்திருந்தால் பாதம் தளராது. நீங்கள் முக்காலியில் உட்காரும்போது அவர் பாதம் உங்கள் மார்பு உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து குனிந்து செய்தால் மூன்றாவது ஆளுக்குள் உங்கள் இடுப்பு போய்விடும். அவர் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் வாய் சொல்லாததை முகம் சொல்லிவிடும்.

ஒருவருக்கு மூன்று துண்டு: காலுக்கு அடியில் ஒன்று, வேலை நடக்காத காலைப் போர்த்த ஒன்று, துடைக்க ஒன்று. கால் கழுவ ஒரு டப். தண்ணீர் 37–38 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லையென்றால் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், சூடு என்றே தோன்றக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊற வைக்காதீர்கள், தோல் ஊறிப்போனால் விரல் வழுக்கும். விரலிடுக்கை ஒவ்வொன்றாக ஒற்றித் துடையுங்கள். டப்பை ஒவ்வொருவருக்குப் பிறகும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, காயவிட வேண்டும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்கள் கால் பிடிப்பது என்றாலே நல்லெண்ணெயைத் தேடுவார்கள். ரிஃப்ளெக்ஸாலஜியில் விரல் நழுவக்கூடாது, எனவே எண்ணெய் கடைசியில்தான். கால் வியர்த்தால் ஒரு சிட்டிகை சோளமாவைக் கையில் தேய்த்துக்கொண்டு தொடங்குங்கள். டப்பாவிலிருந்து நேராகக் கொட்டினால் தூசி மூக்கில் ஏறும். விரலிடுக்கில் மாவு தங்கக்கூடாது.

உங்கள் நகம், விரல் சதைக்கு உள்ளே இருக்கும்படி வெட்டி ராவியிருக்க வேண்டும். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றி வையுங்கள். மரக்குச்சி, ரூல்தடி போன்றவற்றைக் குறைந்தது ஓராண்டுக்குத் தொடாதீர்கள். கட்டை விரலுக்குத் தெரிவது கட்டைக்குத் தெரியாது; எலும்பின் மேல் குச்சி இறங்கினால் எலும்புறையில் ரத்தம் கட்டும்.

கட்டைவிரலைப் பழக்குதல்

அடிப்படை அசைவு ஒன்றுதான்: கட்டைவிரல் கம்பளிப்புழு மாதிரி ஊர்வது. மேசைமேல் உள்ளங்கை கீழே பார்க்க, கையைத் தளர்வாக வையுங்கள். கட்டைவிரலின் எந்த ஓரம் மேசையைத் தொடுகிறதோ, அந்த ஓரத்து நுனிதான் வேலை செய்யும் இடம். நுனி மூட்டை மட்டும் லேசாக மடக்குங்கள். விரல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே நகரும். நிமிர்த்துங்கள். மறுபடி மடக்குங்கள். தோலை விட்டு விரல் எழும்பக்கூடாது. எப்போதும் முன்னோக்கி மட்டுமே ஊர வேண்டும். பின்னால் வர வேண்டுமென்றால் கையை எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

கற்பவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. மடக்குவதற்குப் பதில் தேய்ப்பது: தோல் சிவந்து எரியும். அடி மூட்டையும் சேர்த்து மடக்குவது: மாலைக்குள் கட்டைவிரலின் அடி வலிக்கும், தொடர்ந்தால் மூட்டு கெடும். நுனியை நேர்குத்தாக நிறுத்துவது: நகம் பதியும். பிறை வடிவத் தழும்பு தோலில் தெரிந்தால் உடனே நிறுத்தி நகத்தை வெட்டிவிட்டுத் தொடருங்கள்.

அழுத்தம் கட்டைவிரலிலிருந்து வருவதில்லை. மற்ற நான்கு விரல்களும் பாதத்தின் மேற்புறம் அணைத்துப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பில் கட்டைவிரல் தானாக அழுந்தும். இது புரிந்தவர் நான்கு பேருக்குச் செய்தாலும் களைக்க மாட்டார். புரியாதவர் தோளால் தள்ளிக்கொண்டிருப்பார். சமையலறை எலக்ட்ரானிக் தராசில் கட்டைவிரலை வைத்து, அளவு 1 கிலோவை ஒட்டி ஏறி இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இது சீராக அழுத்தக் கற்கும் பயிற்சி. ஆளுக்கு ஏற்ற அளவு அவர் சொல்வதுதான். முதலில் உங்கள் முன்கையிலும், பிறகு உங்கள் உள்ளங்கையிலும் தினம் பத்து நிமிடம், இரண்டு கையாலும் பழகுங்கள். வலக்கை மட்டும் பழகினால் பாதிப் பாதம்தான் எட்டும்.

இரண்டாவது அசைவு, கொக்கி: சிறிய புள்ளியில் கட்டைவிரலை ஊன்றி, அந்த ஓரத்தாலேயே லேசாகப் பின்னிழுத்து ஐந்து நொடி நிறுத்துவது. கால் கட்டைவிரல் சதையின் நடுப்புள்ளிக்கு இதுதான் வசதி. மூன்றாவது, பாதத்தின் மேற்புறத்தில் ஆள்காட்டி விரலால் ஊர்வது. அங்கே சதை இல்லை, கட்டைவிரல் அழுத்தம் தாங்காது.

பிடிக்கும் கையை மறக்காதீர்கள். அது கால்விரல்களை மெல்லப் பின்னே சாய்த்து உள்ளங்காலைத் திறந்து வைக்கும். ரொம்பச் சாய்த்தால் பாதவளைவில் ஒரு நாண் கம்பிபோலப் புடைத்து வரும். அதன்மேல் அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். விரல்களைத் தளர்த்துங்கள், நாண் உள்ளே போய்விடும்.

வரைபடத்தைப் பிடித்துக்கொள்ளும் வழி

புள்ளிகளை மனப்பாடம் செய்யாமல் மூன்று குறுக்குக் கோடுகளைக் கண்டுபிடியுங்கள். விரல்களுக்குக் கீழேயுள்ள தடித்த மேடு முடிந்து மெல்லிய தோல் தொடங்கும் இடம் உதரவிதானக் கோடு. பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவில் விரலை ஓட்டினால் ஓர் எலும்பு முட்டும். அங்கிருந்து குறுக்கே போட்டால் இடுப்புக் கோடு. குதிகாலின் தடித்த தோல் தொடங்கும் இடம் மூன்றாவது.

விரல்கள் தலை, கட்டைவிரல் மூளையும் கழுத்தும், மற்ற விரல்கள் சைனஸ், அவற்றின் அடி கண்ணும் காதும். மேடு முழுக்க நெஞ்சும் நுரையீரலும். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வலக்காலில் கல்லீரல், பித்தப்பை. இடக்காலில் இரைப்பை, மண்ணீரல். சிறுநீரகம் இரண்டிலும் இடுப்புக் கோட்டையொட்டி. அதற்குக் கீழே குடல்: பெருங்குடல் வலக்காலில் மேலேறி, குறுக்கே கடந்து, இடக்காலில் இறங்கும். பல பள்ளிகள் வலக்காலிலிருந்து தொடங்கச் சொல்வது இந்த வரிசைக்காகத்தான். பாதத்தின் உள் ஓரம் முழுக்க முதுகெலும்பு, கட்டைவிரல் பக்கம் கழுத்து, குதிகால் பக்கம் வால் எலும்பு. கணுக்கால் எலும்புகளுக்குக் கீழே உள்பக்கம் கருப்பை அல்லது புராஸ்டேட், வெளிப்பக்கம் சினைப்பை அல்லது விதைப்பை.

ஓரிடம் வலித்தால் அந்த உறுப்பில் நோய் என்று சொல்லவே கூடாது. இறுக்கமான செருப்பு, நாள் முழுக்க நின்ற வேலை, குதிகால் சவ்வு அழற்சி எல்லாமே வலிக்கும். “உங்க கிட்னி வீக்கா இருக்கு” என்ற ஒரு வாக்கியம் ஒருவரை ஒரு மாதம் தூங்க விடாது. விரலுக்கடியில் மணல்போல் நெருநெருவென்று படுவதைப் படிகக் கழிவு என்று பழைய பாடங்கள் சொல்லும். அப்படி ஒன்று இருப்பதாக யாரும் நிரூபித்ததில்லை. அதை உடைப்பதாக நினைத்து ஓரிடத்தையே குடைந்தால் மறுநாள் நீலம் பாரிக்கும்.

ஒரு முழு அமர்வு

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முழு அமர்வு 45 முதல் 50 நிமிடம். முதல் முறை வருபவருக்கும் முதியவருக்கும் 30 போதும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் பக்கத்தில் இருக்க 10.

அழுத்தத்துக்கு முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியாது என்றால் பத்து, நமக்கு மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். “நல்லா அழுத்துங்க, நான் தாங்குவேன்” என்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். தாங்குவது இங்கே நோக்கமே இல்லை. வலியில் தசை இறுகினால் தளர்வு போய்விடும்.

1. இரண்டு பாதத்தையும் உள்ளங்கைகளால் ஒரு நிமிடம் சும்மா பிடித்திருங்கள். கூச்சம் உள்ளவருக்கு இது முக்கியம்.

2. தளர்த்தும் அசைவுகள், காலுக்கு மூன்று நிமிடம். பாதத்தை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே இடம் வலமாக விரைவாக ஆட்டுங்கள். குதிகாலைத் தாங்கி, கணுக்காலை ஒவ்வொரு பக்கமும் ஐந்து சுற்று. ஒரு கையின் முஷ்டியால் மேட்டைத் தள்ளி, அடுத்து மேல் கையால் மெல்லப் பிழிந்து, மாறி மாறிப் பத்து முறை. பாதவளைவை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, கணுக்கால் பக்கத்துக் கை அசையாமல் மற்றதை மட்டும் திருப்புங்கள். விரல்களை அடியில் பிடித்துச் சுழற்றுங்கள். சொடக்கு எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

3. உதரவிதானக் கோட்டில் ஒரு முறை ஊருங்கள். பிறகு கால் கட்டைவிரலை நுனியிலிருந்து அடிவரை நான்கைந்து வரிசையாக, மற்ற விரல்களை மூன்று வரிசையாக.

4. மேட்டில் கீழிருந்து மேலாக, விரல்களுக்கு நடுவேயுள்ள பள்ளங்களில் ஒவ்வொன்றாக. மேற்புறத்தில் அதே பள்ளங்களில் ஆள்காட்டி விரலால்.

5. முதல் கோட்டிலிருந்து இடுப்புக் கோடுவரை சாய்வாக, ஒரு கையால் ஒரு திசையிலும் மறு கையால் எதிர்த் திசையிலும். பாதவளைவு மென்மையானது, அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

6. குடல் பகுதி, பிறகு குதிகால். குதிகால் தோல் தடித்திருந்தால் விரலை வதைக்காமல் முஷ்டியின் தட்டையான பக்கத்தால் அழுத்துங்கள்.

7. உள் ஓரத்தில் குதிகாலிலிருந்து கட்டைவிரல்வரை முதுகெலும்புக் கோடு, பிறகு திரும்ப. இதற்கு அவசரப்படாமல் இரண்டு நிமிடம் கொடுங்கள், பெரும்பாலோர் கண்ணயர்வது இங்கேதான். வெளி ஓரத்தையும் கணுக்காலைச் சுற்றியும் முடித்து, அந்தக் காலைத் துண்டால் போர்த்திவிட்டு அடுத்த காலுக்குப் போங்கள். ஒரு காலுக்கு மொத்தம் 15 முதல் 20 நிமிடம்.

8. முடிக்கும்போது இரண்டு காலிலும் மேட்டுக்கு அடியில் நடுவிலுள்ள பள்ளத்தில் கட்டைவிரல்களை வையுங்கள். அவர் மூச்சை இழுக்கும்போது மெல்ல அழுத்தி, விடும்போது தளர்த்தி, ஐந்தாறு மூச்சு. பிறகு சில துளி எண்ணெய், ஒரு நிமிடம் தடவல். துடைத்துவிடுங்கள், எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் இறங்கினால் விழுவார்கள்.

நடுவில் வரும் கோளாறுகள்

கூச்சத்தில் காலை இழுத்தால் அழுத்தத்தைக் குறைக்காமல் உள்ளங்கையை முழுக்கப் பதியுங்கள். லேசான தொடுதல்தான் கூசும், உறுதியான தொடுதல் கூசாது. தசைப்பிடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி, பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கிப் பிடியுங்கள், அரை நிமிடத்தில் விடும். உள்ளங்கை திடீரென வியர்த்து, முகம் வெளுத்து, தலை சுற்றுகிறது என்றால் நிறுத்துங்கள். தட்டையாகப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். சுகர் மருந்து எடுப்பவராக இருந்து, நல்ல நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். நினைவு மங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அழுகை வருவதும் உண்டு. கையை எடுக்காமல் அசைவை மட்டும் நிறுத்திக் காத்திருங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

முடிந்த பிறகு

இரண்டு நிமிடம் உட்கார வைத்த பிறகே எழுப்புங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், தாகத்துக்குத்தான். நச்சு வெளியேற என்று சொல்ல வேண்டாம். அன்று அசதியும் கூடுதல் தூக்கமும் வரலாம். மறுநாளும் வலியோ நீலமோ இருந்தால் அழுத்தம் கூடிவிட்டது, அவருடைய குறிப்பு அட்டையில் எழுதி அடுத்த முறை குறையுங்கள். அட்டையில் தேதி, எடுத்த நேரம், தவிர்த்த இடம், அவர் சொன்னது, தோலில் கண்டது ஆகியவை மட்டும் போதும். உறுப்புகளின் பெயர் தேவையில்லை. தோலில் கண்ட புதிய மச்சமோ புண்ணோ முன்னிருந்த அட்டையோடு ஒப்பிடும்போதுதான் தெரியும்.

கைகளை முழங்கைவரை சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள். தொடங்கும் காலத்தில் ஒரு நாளைக்கு இருவர், பழகிய பிறகும் நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் நடுவே 15 நிமிட இடைவெளி. கட்டைவிரல் அடி மூட்டில் காலையில் எழுந்ததும் விறைப்புத் தெரிந்தால் ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, திரும்ப வரும்போது தராசுப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.